பார்க்கிற பக்கம்

ஊசிப்பாறை எஸ்டேட்டைப் படம் பிடித்துக்கொண்டு போன பிறகு அந்த எஸ்டேட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியவில்லை; இதைக் கேட்டு நீங்கள் வாயைப் பிளக்கலாம், அங்கே இருந்தவர்கள் பிளக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னாலும் அவர்கள் அப்படியொன்றும் போய் வந்துகொண்டிருக்கவில்லை.

பழைய பங்களாவைப் பணக்காரர்கள் தங்குகிற விடுதியாக்கப் போவதாகக் கம்பெனி சொன்னது. வருகிறவர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே போனில் விரலால் தள்ளித் தள்ளி மலை, தேயிலை, பங்களா, வானம் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வதற்கு ஒரு படம் வேண்டுமாம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். பலாக்காய் அளவுக்கு இருந்த அவருடைய கேமராவுக்கு நாலு பக்கமும் கண் இருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் முக்காலியில் அதை நிறுத்தினார். முதுகில் கூடையோடு நின்ற ஜனங்களிடம் மலையாளியான பீல்டு ஆபீசர் வர்கீஸ், "நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் எடத்த விட்டு அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். படம் எடுக்க நாலு நிமிஷம்தான் ஆனது. வந்த ஆள் முக்காலியை மடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார், வர்கீஸும் கூடவே பங்களாவுக்கு டீ குடிக்கப் போனார், போனவர் ஜனங்களை மறந்துபோனார். கலையச் சொல்லாமல் கலைந்தால் அரை நாள் கூலி போய்விடும் என்று மூன்று தலைமுறையாகப் பழகிய ஜனம், காலை ஒன்பது மணியிலிருந்து பகல் சங்கு ஊதும் வரைக்கும் அதே வெயிலில், அதே முகத்தோடு, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையைத் தூக்காமல் நின்றது. வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். படத்தில் அவ்வளவு அழுத்தமாகப் பதிந்துபோனவர்களை அப்புறம் எப்படிப் பிரித்தெடுப்பது?

மறுநாள் காலை பெயர் கூப்பிடும்போது வர்கீஸ் தனக்குச் சொல்லப்பட்டதைத் தனக்குப் புரிந்தமட்டில் சொன்னார். "படம் ரொம்ப கனம். நம்ம மலை டவரு தாங்காது. அதுகொண்டு சுருக்கி வச்சிருக்கு. பாக்குற ஆளு எந்தப் பக்கம் திருப்புறானோ அந்தப் பக்கம் மட்டும் தெளிவா அனுப்பும். மத்த பக்கமெல்லாம் சும்மா மங்கலாக் கெடக்கும். ஒரே மாதிரி இருக்கிற சாதனம், சாமான், எல்லாத்தையும் ஒரு தடவதான் எழுதும்."

"அப்ப மிச்சம்?" என்று கேட்டாள், லயன் வரிசையில் முதல் வீட்டுக்காரியான எலிசா.

"மிச்சம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வர்கீஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. பதினேழு வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போகவேண்டிய பஸ் கிழக்கு வாசல் வழியாகக் கிளம்பி, ஒன்பதாவது வளைவில் திரும்பியதும், எதிரே ஊசிப்பாறையின் மேற்கு வாசல் வந்து நின்றது. சுற்றிப் பார்க்கிற படத்தின் ஒரு ஓரம் போய் மறு ஓரத்தில்தானே ஒட்டியிருக்கும். டிரைவர் பின்னால் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தார், கண்டக்டர் ஜனங்களைப் பார்த்தார், ஜனங்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். ஒரு வாரத்தில் அதுவும் பழகிப்போய், பஸ் நாளைக்கு மூன்று நடை சுற்றி வந்தது, வேலை முடிந்த பெண்கள் காற்று வாங்க ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ரேஷன் கடையின் நாற்பது மூட்டையும் ஒரே மூட்டையாக எழுதப்பட்டிருந்ததால் எதிலிருந்து அளந்தாலும் விடிந்ததும் நிறைந்தே இருந்தது. இன்று கிள்ளிய செடியில் நாளைக்கு அதே கொழுந்து நின்றது. ஒரு குறையும் இல்லாத இப்படியொரு தோட்டத்தை நூறு வருஷத்தில் பார்த்ததில்லை என்று கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, வர்கீஸ் அதைத் தன்னுடைய திறமை என்றே எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் சகித்துக்கொண்ட இந்த விஷயத்தில் ஒருத்திக்கு மட்டும் வெளியே போயே ஆகவேண்டியிருந்தது. ஏழாவது வாசல்காரி பவுனுத்தாய். புருஷன் நெஞ்சு வலியில் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் தமயந்தி திருப்பூரில் வாக்கப்பட்டவள், இப்போது வயிற்றில் ஏழு மாசம். இது இரண்டாவது. முதல் பிரசவத்தின்போது மருமகன் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான், மாமியார் கிடையாது, பவுனுத்தாய் லீவு கேட்டாள், கொழுந்து முற்றிப்போகிற சீசனில் லீவா என்று வர்கீஸ் ஒரு வாரம் இழுத்தடித்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது, பிறந்து ஒரு சத்தம்கூடப் போடாத அந்தப் பிள்ளையைப் புதைத்து மூன்று நாளாகியிருந்தது. தமயந்தி அழவில்லை. "யாராவது கையப் பிடிச்சிருந்தாப் போதும்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்? அடுத்த தடவை வானமே இடிந்து விழுந்தாலும் பக்கத்தில் இருப்பேன் என்று அன்றைக்கே சத்தியம் பண்ணிக்கொடுத்திருந்தாள்.

அதனால் பவுனுத்தாய் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள், கொழுந்து லாரியில் போய்ப் பார்த்தாள், அட்டை கடிக்கக் கடிக்கச் சோலைக்காட்டுக்குள் நடந்து போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கிழக்கே போனவள் மேற்கே வந்து சேர்ந்தாள், வரும்போது எலிசா வாசலில் நின்றுகொண்டு, "வந்துட்டியா, காப்பி இருக்கு" என்றாள்.

எலிசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜனங்கள் குடியிருந்த லயன் வீடுகள் பன்னிரண்டும் ஒரே சுவரில், ஒரே தகரக்கூரையில், ஒரே பச்சைக் கதவோடு வரிசையாக இருந்தன. அப்படிப்பட்டதைச் சுருக்கப் படத்துக்குக் கசக்குமா? ஈஸ்டருக்காக எலிசா தன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள், அதனால் பளிச்சென்று இருந்த அந்த முதல் வீட்டையே எழுதிவைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதன் நகல் என்று படம் விட்டுவிட்டது. எந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாலும் எலிசாவின் வீட்டுக்குள்தான் போய் நிற்கவேண்டியிருந்தது. ஒரே அடுப்பில் பத்துக் குடும்பம் முறை வைத்துச் சோறாக்கியது. மாதா படத்துக்குப் பக்கத்தில் முருகன் காலண்டர் மாட்டலாமா என்று பத்து நாள் சண்டை நடந்து, கடைசியில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்கின. எலிசாவுக்கு வீடு நிறைய ஆள். அவள் மகன் கத்தாரில் இருந்தான், வருஷத்துக்கு ஒருதரம் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான், படத்தை அவன் திறந்தே பார்க்கவில்லை. அவள் எங்காவது போய்விட்டால் கதவெல்லாம் வெறுஞ்சுவரில் திறக்கும் என்ற பயத்தில் லயன்காரர்கள் அவளைக் கிணற்றடிக்குக்கூடத் தனியாக விடவில்லை. காவல் காத்தார்கள், ஆனால் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அடுப்பு எரிகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

ஏழாவது கதவு மட்டும் எலிசா வீட்டுக்குள் போகவில்லை. தமயந்தி தினமும் போனில் கம்பெனியின் படத்தைத் திறந்து அந்த வாசலைத் திருப்பிவைத்துக்கொண்டு பார்த்ததுதான் காரணம். படம் என்றால் அசையாமல் நிற்கவேண்டும், ஆனால் இந்தப் படத்தில் அம்மா அரிசி புடைப்பாள், அம்மா தலை வாருவாள், அம்மா கதவைச் சாத்துவாள். பார்க்கிற பக்கம் தெளியும் என்பதால் பவுனுத்தாயின் வீடு பவுனுத்தாயின் வீடாகவே இருந்தது, புருஷனின் போட்டோவும், மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய எவர்சில்வர் டம்ளரும், சுவரில் கரிக்கோடு போட்டு அளந்த அவளுடைய உயரமும் அப்படி அப்படியே இருந்தன. மற்றவர்கள் வயிறெரிந்தார்கள். "ஒனக்கென்ன, பாக்குறதுக்கு ஆளிருக்கு" என்று மூன்றாவது வாசல்காரி முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

பார்க்கப்படாத பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், அழுத்தித் துவைத்த சேலையின் பூப்போல இருந்தது. இலைக்கு விளிம்பு இல்லை, ஆளுக்கு மூக்கு இல்லை, எல்லாம் சதுரம் சதுரமாகக் கலங்கிக் கிடந்தது. விடுதிக்கு வரப்போகிற பணக்காரர்கள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே பங்களாப் பக்கம் பார்ப்பார்கள் என்பது தெரிந்துபோனதால், பெண் பார்க்கிற சடங்கையும், காதுகுத்தையும், கோர்ட்டு வரைக்கும் போகக்கூடிய சண்டைகளையும் ஜனங்கள் பத்து மணிக்குப் பங்களா வாசலில் வைத்துக்கொண்டார்கள். முகம் தெரிந்தால்தானே ஒரு சண்டைக்கு மரியாதை. கக்கூஸ் பக்கத்தையும் சாக்கடைப் பக்கத்தையும் எவனும் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சாக்கடையைத் தள்ளுகிறவன் சூசை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது, எவரோடும் பேச்சு கிடையாது. நாளாக நாளாக அவன் மங்கி, ஒரு சாம்பல் சதுரமாகி, ஒருநாள் பெயர் கூப்பிட்டபோது குரலே வரவில்லை. அவன் நின்ற இடத்தில் பக்கத்துப் பெரணிச் செடியே இன்னொரு தடவை நின்றது. குடித்துவிட்டு எங்காவது கிடப்பான் என்று வர்கீஸ் அவன் பெயரை அடித்துவிட்டார். பதினைந்து நாள் கழித்து எலிசாவுக்கு ஒரு போன் வந்தது.

"நான் சூசை பேசுறேன். பொள்ளாச்சில தேங்காமண்டில மூட்ட எறக்கிக்கிட்டு இருக்கேன்."

"எப்படிறா போன?"

"நடந்துதான் போனேன். யாரும் பாக்கல. பதினேழு வளவும் எறங்கிட்டேன்."

எலிசா இதைச் சொன்னபோது பவுனுத்தாய்க்குப் பளிச்சென்று புரிந்துபோயிற்று. இல்லாமல் போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தோன்றுகிற எதையும் படம் எடுத்து வெளியே எறிந்துவிடுகிறது. ஐம்பது வயது வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் குனிந்து கொழுந்து கிள்ளியவளுக்கு அது ஒரு பெரிய காரியமா? அன்றைக்கே சாக்கடைப் பக்கம் போய் நின்றாள். முதலில் சேலையின் ஊதா நிறம் போயிற்று, விரல்கள் ஒன்றோடொன்று கலந்தன, நெஞ்சில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்த நேரத்தில் கையின் பூனைமயிர் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. திருப்பூரில் மகள் போனைத் திறந்துவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் பவுனுத்தாய் ஏழாவது வாசலில், துல்லியமாக, தாடையில் இருக்கிற மச்சம் முதற்கொண்டு, நின்றுகொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே போய் நின்று கூப்பிட்டாள்.

"பாப்பா, நீ என்னயப் பாக்காத."

"என்னம்மா சொல்ற?"

"போன்ல நம்ம வாசலத் தொறக்காத. நீ பாக்கறதாலதான் நான் இங்க மாட்டிக் கெடக்கேன். பாக்காம இருந்தீன்னா வந்துருவேன்."

"நான் பாக்கலன்னா வீடு போயிரும்ல? அப்பா போட்டோ போயிரும்ல?"

"போனாப் போவுது."

"நீயும் போயிட்டீன்னா?"

பவுனுத்தாய் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பயமா இருக்கும்மா. வயித்துல அசையலன்னா ஒடனே ஒன் வாசலத்தான் தொறக்கேன். நீ அங்கன ஒக்காந்துருக்கறதப் பாத்தாத்தான் மூச்சே வருது."

"பாத்துக்கிட்டே இருந்தா நான் எப்படிடி வருவேன்?"

"சரி, பாக்கல" என்று தமயந்தி சொன்னாள், சொன்னதற்கு மூன்று மணி நேரம் கட்டுப்பட்டும் இருந்தாள். நாலாவது மணி நேரத்தில் ஏழாவது வாசல் பளீரென்று துலங்கியது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். யாரைக் குறை சொல்வது? தன்னை வேண்டும் வேண்டும் என்று கூப்பிடுகிற அதே பிள்ளைதான் தன்னை வரவிடாமல் பிடித்தும் வைத்திருக்கிறாள், அவளைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை. எட்டாம் மாசம் போயிற்று. ஒன்பதாம் மாசத்தில் பவுனுத்தாய் வாசல்படியில் உட்கார்ந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தாள், மகள் அதையும் அம்மா ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலைப் பெயர் கூப்பிடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால், மருமகன் போன் பண்ணினான். "அத்த, வலி கண்டுருச்சு. பிரசவ வார்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னய உள்ள விடல. அவ வளையல், கம்மல், போன் எல்லாத்தையும் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டாங்க."

"அந்தப் போனு ஒங்கிட்டயா இருக்கு?"

"ஆமாத்த."

"பையில போட்டு வையி. தொறந்துராத. ஒனக்குப் புண்ணியமாப் போவும், தொறந்துராத."

அவள் ஓடவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், வரிசை போட்டு நின்ற அத்தனை பேர் முன்னாலும், வர்கீஸிடம் பேசினாள். "சார், போன தடவ லீவு கேட்டேன், குடுக்கல. இப்ப லீவு கேக்கல. எம் பேரக் கூப்பிடாதீங்க, அது போதும்."

வர்கீஸ் நோட்டைப் பார்த்தார். அந்தப் பழைய லீவு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், கழுத்து சிவந்தது. "பேரு விட்டா அப்புறம் சேர்க்கப் பற்றாது, முடியாது" என்றார்.

"சேக்க வேண்டாம்."

அப்புறம் அவள் ஜனங்களைப் பார்த்து, என்னை யாரும் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர்கள் சங்கடத்தோடு தலையைக் குனிந்தார்கள். சிலருக்கு அது சிரமமாகவே இல்லை, சிரமமாக இல்லையே என்பதுதான் அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது வாசல்காரி மட்டும், "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். வர்கீஸ் பெயர்களை வாசித்தார். ஆறாவது வாசலுக்கு அப்புறம் எட்டாவது வாசல் வந்தது.

எலிசா மாத்திரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணை எடுக்கச் சொன்னால் அவளால் முடியவில்லை.

"நீயும் வந்துரேன் எலிசா."

"நான் எங்கடி வர்றது? பத்துக் குடும்பம் என் அடுப்புல சோறாக்குது. இன்னையிலருந்து ஒன் கதவும் எங்கிட்டதான் தொறக்கும்." எலிசா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்த லயனுல எம் மூஞ்சியப் பாத்துப் பேசினது நீ ஒருத்திதான். போ. நான் திரும்பிக்கிறேன்." சொன்னபடியே திரும்பிக் கொட்டகைச் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

பவுனுத்தாய் நடந்தாள். சேலையின் ஊதா போயிற்று, தாடை மச்சம் போயிற்று, நடக்கிற கால் இடதா வலதா என்கிற வித்தியாசம் போயிற்று, கடைசியில் தன் பெயர் என்னவென்று யோசிக்கவேண்டி வந்தபோது அவள் பயந்துபோய்த் தமயந்தி, தமயந்தி என்று மகளின் பெயரையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் ஏழாவது வீட்டில் புருஷனின் போட்டோவும் சுவரின் கரிக்கோடும் எலிசா அடித்த சுண்ணாம்புக்குள் கரைந்துபோனது அவளுக்குத் தெரிந்தது, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஒன்பதாவது வளைவு வந்தது, அதற்கு அப்புறம் பத்தாவது வளைவு வந்தது. பத்தாவது வளைவின் மைல்கல்லைத் தடவிப் பார்த்தாள், அது வெறும் கல்தான், வெயிலில் சுட்டது. பதினேழும் இறங்கியபோது கீழேயிருந்து வெக்கைக் காற்று அடித்தது, அப்படியொரு நல்ல காற்றை அவள் அனுபவித்ததே இல்லை.

பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை. திருப்பூர் பஸ்ஸில் ஒரு பெரியவர் அவள் மடியிலேயே உட்காரப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும் அதட்டிய காவலாளி அவளைக் கொசு அளவுக்குக்கூட மதிக்கவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவள் வார்டுக்குள் போய், மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, பிரசவம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கையைப் பிடிக்கவேண்டிய நேரம் இந்தத் தடவையும் தவறித்தான் போயிருந்தது. ஆனால் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு பெண் குழந்தை, ஊரே தனக்குக் கடன்பட்ட மாதிரி, வீறிட்டுக்கொண்டிருந்தது.

தமயந்தி அதைக்கூடக் கவனிக்கவில்லை. புருஷனிடமிருந்து திரும்ப வாங்கிய போனில் கட்டை விரலால் படத்தைத் தள்ளித் தள்ளி ஏழாவது வாசலைத் தேடிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. உள்ளே மாதாவும் முருகனும் ஒரே ஆணியில் தொங்கினார்கள். "அம்மாவக் காணோம்" என்று அவள் குரல் உடைந்தது. "நம்ம வீட்டக் காணோம். நான் பாக்காம விட்டுட்டேன். நாந்தான் தொலச்சிட்டேன்."

"ஏட்டி, இந்தப் பக்கம் திரும்பு."

தமயந்தி திரும்பினாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கட்டிலோரத்தில் ஒரு சாம்பல் நிறம் மட்டும் நின்றது. பார்க்கப் பார்க்க அதற்கு ஊதாச் சேலை வந்தது, கொழுந்துக் கறை பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, தாடையில் மச்சம் வந்தது, கண் வந்தது, கண்ணீர் வந்தது. பவுனுத்தாய் மகளின் கையைப் பிடித்தாள்.

அப்புறம் பவுனுத்தாய், "அந்தப் போனக் குடு" என்றாள்.

"எதுக்கும்மா? அழிச்சிரவா?"

"எலிசா வாசல் எங்கன இருக்கு, காமி."

தமயந்தி திருப்பிக் காட்டினாள். முதல் வாசலில் கலங்கின சதுரமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவளைத் தாண்டி ஆட்கள் சோற்றுப் பானையோடு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். பவுனுத்தாய் கண் கொட்டாமல் பார்த்தாள். எலிசாவுக்கு நரைத்த காது மடல் மயிர் தெரிந்தது, நாள் பூராவும் அழுது வீங்கிய இமை தெரிந்தது, அவள் சட்டென்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், பிறகு தலையைத் தூக்கி, யார் என்று தெரியாமல், மேலே வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கத்தாரில் இருக்கிற மகன் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

துணிக்குள் குழந்தை மறுபடியும் வீறிட்டது. பவுனுத்தாய் போனை மகள் கையில் கொடுத்தாள்.

"நீ கொஞ்ச நேரம் எலிசாவப் பாத்துக்கிட்டு இரு, பாப்பா. நான் புள்ளையத் தூக்கிக்கிறேன்."